மாதம் 300 வெள்ளி: இலவச முதலீட்டுச் செயலிகளில் எதை நம்பி ஆரம்பிப்பது?

வாணி, உட்லண்ட்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே கேட்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். மகள் உயர்நிலை 2, மகன் தொடக்கநிலை 4. இத்தனை வருடமாக மாதக் கடைசியில் மிஞ்சுவதை போஸ்பி வங்கிக் கணக்கிலேயே விட்டுவைத்தேன். இன்றைக்கு அதில் 9,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்கிறது. மகன் பெரியவனாகிவிட்டதால் பராமரிப்புச் செலவு குறைந்துவிட்டது. இனி மாதம் 300 வெள்ளி தனியாக எடுத்துவைக்க முடியும்.

போன வாரம் மகள் என் திறன்பேசியில் நான்கு செயலிகளை இறக்கிக் கொடுத்தாள். நான்கும் இலவசம். ஒன்றைத் திறந்தால் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இன்னொன்று, பணம் போட்டால் ஒரு பங்கு பரிசு என்கிறது. மூன்றாவதில் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) வைத்துப் பதிவு செய்துகொண்டே போனேன், பத்து நிமிடத்தில் கடைசிப் பக்கம் வந்துவிட்டது. அங்கே ‘கேஷ் கணக்கா, மார்ஜின் கணக்கா’ என்று கேட்டது. மார்ஜின் என்கிற இடத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. அது என்னவென்றே தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

நான் கேட்பது இதுதான். கட்டணமே இல்லை என்கிறார்களே, அப்புறம் அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? நான் வாங்கும் பங்கு என் பெயரில்தான் இருக்குமா? அந்தக் கம்பெனி நாளைக்கே மூடிவிட்டால் என் பணம் என்ன ஆகும்? 300 வெள்ளிக்கு இதெல்லாம் பெரிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இந்த 300 வெள்ளிக்காக நான் காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறேன்.

பிரபு, ஜூரோங் வெஸ்ட்

அக்கா, ரொம்ப யோசிக்காதீர்கள். மூமூ, டைகர், வீபுல் மூன்றுமே இங்கே உரிமம் பெற்றவைதான், நானும் அதில் இரண்டு வைத்திருக்கிறேன். கட்டணம் வங்கித் தரகர்களைவிட நிறையக் குறைவு. எதில் வரவேற்புச் சலுகை நன்றாக இருக்கிறதோ அதில் ஆரம்பியுங்கள், பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம்.

முத்து, செம்பவாங்

வாணி தங்கச்சி, மார்ஜின் பக்கத்தில் நிறுத்தினீர்களே, அது ரொம்பச் சரி. மார்ஜின் என்றால் தரகரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்குவது. பங்கு இறங்கினால், நம்மைக் கேட்காமலேயே விற்றுக் கடனை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. கேஷ் கணக்கு என்றால் நம் கையில் இருக்கும் காசுக்கு மட்டும் வாங்குவது. டிக்கை எடுத்துவிட்டுக் கேஷ் என்று போடுங்கள். கேஷ் போட வழியே இல்லாத செயலி உங்களுக்கு வேண்டாம்.

தம்பி பிரபு சொல்வதில் தவறில்லை, ஆனால் வரவேற்புச் சலுகையை வைத்துச் செயலியைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

நான் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். 2021-ல் ஒரு செயலியில் பரிசுப் பங்குக்காகத்தான் கணக்குத் திறந்தேன். பெயர் வேண்டாம். 2,000 வெள்ளி போட்டு இரண்டு மாதம் எடுக்காமல் வைத்தால் பங்கு தருவதாகச் சொன்னார்கள், சொன்னபடி தந்தார்கள். அந்த இரண்டு மாதமும் பணம் சும்மா கிடக்கிறதே என்று நான் வாங்கவும் விற்கவும் ஆரம்பித்ததுதான் வினை. அமெரிக்கச் சந்தை நம் நேரத்துக்கு இரவு ஒன்பதரைக்குத் திறக்கும், அவர்களுடைய குளிர்காலத்தில் பத்தரைக்கு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் சரியாக அந்த நேரத்துக்குத் திறன்பேசி ‘டிங்’ என்று அடிக்கும். இந்தப் பங்கு ஐந்து விழுக்காடு ஏறிவிட்டது என்று ஒரு செய்தி, அந்தப் பங்கு விழுந்துவிட்டது என்று இன்னொன்று. பார்த்தால் கை சும்மா இருக்குமா?

நான் எல்லாவற்றையும் 555 நோட்டில் எழுதிவைப்பவன். அப்பா பலசரக்குக் கடைக் கணக்கை அந்த நோட்டில்தான் வைத்திருந்தார், எனக்கும் அதே பழக்கம். நான்கு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். வாங்கியதும் விற்றதும் சேர்த்து 61 தடவை. கமிஷன் பூஜ்யம்தான், ஆனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் ‘பிளாட்ஃபார்ம் கட்டணம்’ 0.99 அமெரிக்க டாலர். மொத்தம் 60 டாலருக்குக் கொஞ்சம் மேல். அது போகட்டும். வியாபாரத்தில் விட்டது 1,840 வெள்ளி. பரிசாக வந்த பங்கின் விலை 50 வெள்ளிகூட இல்லை.

அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து என்று கேட்டீர்கள். இப்படித்தான். ஆர்டருக்கு ஆர்டர் சின்னக் கட்டணம், வெள்ளியை அமெரிக்க டாலராக மாற்றும்போது விலையில் ஒரு வித்தியாசம், மார்ஜின் வாங்கியவர்களிடம் வட்டி. நாம் அடிக்கடி அழுத்த அழுத்த அவர்களுக்கு வரவு. அதைக் குற்றம் என்று சொல்லவில்லை, கடை நடத்த வேண்டும் அல்லவா? ஆனால் நமக்குத் தேவை வருடத்தில் பன்னிரண்டு தடவை அழுத்துவது மட்டுமே.

அடுத்து, பங்கு யார் பெயரில் இருக்கும் என்கிற கேள்வி. இதை எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், கேட்பவர்கள் குறைவு. சிங்கப்பூரில் இரண்டு விதம் உண்டு. சிடிபி கணக்கு என்பது பங்குச் சந்தையின் மத்திய வைப்பகத்தில் நம் பெயரிலேயே இருக்கும் கணக்கு. அதோடு இணைத்த எந்தத் தரகர் வழியாக வாங்கினாலும் பங்கு அங்கே வந்து சேரும், தரகர் மூடினாலும் அது நம்முடையது. இரண்டாவது, காப்பாளர் கணக்கு. தரகர் தன் பெயரில் வாங்கி, ‘இது வாணியுடையது’ என்று தன் ஏட்டில் எழுதி வைத்திருப்பார். கட்டணம் குறைந்த செயலிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது விதம். உரிமம் பெற்றவர் என்றால் வாடிக்கையாளர் சொத்தைத் தன் சொத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் பயப்பட வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்றால், 1998-ஐப் பார்த்தவன் நான். அப்போது இங்கே ‘குளோப்’ என்கிற சந்தையில் மலேசியக் கம்பெனிப் பங்குகளை வாங்கி விற்போம். அந்தப் பங்குகள் மலேசியாவில் நம் பெயரில் இல்லை, நம் சார்பில் வேறொருவர் பெயரில் இருந்தன. அந்த வருடம் மலேசியா அந்தச் சந்தையை ஏற்க மறுத்ததும் பங்குகள் அப்படியே முடங்கின. விற்க முடியாது, எடுக்க முடியாது. தீர்வு வர 2000 ஆகிவிட்டது. பட்டறை கேன்டீனில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர் மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் முழுவதும் அதில் மாட்டிக்கொண்டது. இரண்டு வருடம் அவர் தினமும் பத்திரிகையில் அந்தச் செய்தியைத்தான் முதலில் தேடுவார்.

இன்றைய நிலைமை வேறு, சட்டமும் வேறு. ஆனாலும் பங்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்காமல் நான் எந்தக் கணக்கும் திறப்பதில்லை.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். சிடிபியில்தான் வாங்குவேன் என்று வங்கித் தரகு வழியாகப் போனால், என்னுடையதில் ஒரு ஆர்டருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 25 வெள்ளி, பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்த்தால் 27.25. உங்கள் 300-ல் மாதம் 200 வெள்ளிக்கு மட்டும் வாங்கினால்கூட 13 விழுக்காட்டுக்கு மேல் கட்டணத்திலேயே போய்விடும். அதே பணத்தைச் சேர்த்துவைத்து வருடத்துக்கு ஒரு தடவை 2,400-க்கு வாங்கினால் 1.1 விழுக்காடு. மாதாமாதம்தான் வேண்டும் என்றால் போஸ்பியிலேயே ‘இன்வெஸ்ட் சேவர்’ என்கிற மாத முதலீட்டுத் திட்டம் இருக்கிறது. 100 வெள்ளியிலிருந்து போடலாம். நான் சேர்ந்தபோது எஸ்டிஐ குறியீட்டைப் பின்பற்றும் ஈடிஎஃப் நிதிக்குக் கட்டணம் 0.82 விழுக்காடு, அதாவது 200 வெள்ளிக்கு 1 வெள்ளி 64 காசு. அதுவும் வங்கியின் காப்பில்தான் இருக்கும், சிடிபிக்கு வராது. ஆனால் நீங்கள் எந்தப் புதுச் செயலியும் இறக்க வேண்டாம், தினமும் பார்க்கும் வங்கிச் செயலியே போதும். ‘டிங்’ என்று அடிக்கவும் அடிக்காது. என்னைக் கேட்டால் அதற்காகவே அந்தக் காசைக் கொடுக்கலாம்.

எஸ்டிஐ என்பது இங்குள்ள 30 பெரிய கம்பெனிகளின் தொகுப்பு. டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்று வங்கிகள் மட்டுமே ஏறக்குறைய பாதி. 2007 அக்டோபரில் 3,800-க்கு மேல் இருந்த குறியீடு 2009 மார்ச்சில் 1,500-க்குக் கீழே போனது. பழைய உச்சியைத் தாண்டியது 2025-ல். கம்பெனிகள் லாபத்திலிருந்து இடையில் தந்த ஈவுத்தொகையைச் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். மகளின் படிப்புக்கு மூன்று வருடத்தில் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள்.

அந்த 9,000-ஐ முதலில் பாருங்கள். அதில் பாதியையாவது அரசாங்கம் வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடலாம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், விண்ணப்பக் கட்டணம் 2 வெள்ளி. பத்து வருடப் பத்திரம், ஆனால் எந்த மாதம் வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம், நாம் போட்ட தொகையில் கை வைக்க மாட்டார்கள். அதற்குச் சிடிபி கணக்கு வேண்டும். ஆக, நீங்கள் முதலில் திறக்க வேண்டியது அந்த நான்கு செயலிகளில் எதுவும் இல்லை, சிடிபி கணக்குதான். சிங்பாஸ் வைத்து இணையத்திலேயே திறக்கலாம்.

ரேணு, பொங்கோல்

முத்து அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நான் கணக்காளராக இருக்கிறேன். மூன்று வருடமாக ஒரு செயலியில் வாங்குகிறேன், திருப்தியாகத்தான் இருக்கிறது. அதனால் செயலியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

முதலாவது, அமெரிக்கப் பங்கு. செயலியைத் திறந்தாலே முதல் பக்கத்தில் அதுதான் நிற்கும். நமக்குத் தெரிந்த பெயர்களாக இருப்பதால் வாங்கத் தோன்றும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு அமெரிக்க ஈவுத்தொகையில் 30 விழுக்காடு அங்கேயே வரியாகப் பிடித்துவிடுவார்கள். எனக்கு முதல் தடவை 10 டாலர் வர வேண்டிய இடத்தில் 7 டாலர் வந்தது, செயலியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். கோளாறு இல்லை, வரி. இங்குள்ள வங்கிப் பங்குகளின் ஈவுத்தொகை முழுசாக வரும், அதற்கு நாம் வரியும் கட்ட வேண்டியதில்லை. பங்கை விற்று வரும் லாபத்துக்கும் சிங்கப்பூரில் வரி கிடையாது. மாதம் 300 வெள்ளியில் ஆரம்பிப்பவர் முதல் வருடம் வெள்ளியிலேயே இருப்பது நல்லது. நாணய மாற்று, அந்நிய வரி என்று எதையும் யோசிக்க வேண்டாம்.

இரண்டாவது, செயலியில் சும்மா இருக்கும் பணம். நிறையச் செயலிகளில் ‘உங்கள் காசு தூங்க வேண்டாம், தினமும் வருமானம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பணம், குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் பணச்சந்தை நிதிக்குப் போகும். பெரும்பாலும் பாதுகாப்பானதுதான், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அது வங்கி வைப்புத்தொகை இல்லை. வங்கியில் போட்டால் ஒரு வங்கிக்கு 100,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு, 2024 ஏப்ரலுக்கு முன்னால் அது 75,000. இந்த நிதிகளுக்கும் பங்குகளுக்கும் அந்தக் காப்புறுதி கிடையாது. உங்கள் அவசரப் பணத்தை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

வாங்க விற்க இல்லாமல் பார்க்க மட்டும் ஒன்று வேண்டும் என்றால் அரசாங்கத்தின் ‘மைமணிசென்ஸ்’ இருக்கிறது, அதுவும் இலவசம். சிங்பாஸ் போட்டு அனுமதி கொடுத்தால் வங்கிக் கணக்கு, மத்திய சேம நிதி, சிடிபி எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். அதில் தெரிந்த மொத்தத்தைப் பார்த்துத்தான் என் கணவர் முதல் தடவையாக உட்கார்ந்து என்னோடு பணம் பற்றிப் பேசினார்.

சுமதி, தெம்பனிஸ்

எல்லாரும் நல்ல செயலி எது என்று பேசுகிறீர்கள். வாணி, அந்த நான்கையும் மகள் எங்கிருந்து இறக்கினாள் என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது. என் பெரியம்மா மகனை யாரோ வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்தார்கள். குழுவில் எண்பது பேர், தினமும் லாபப் படங்கள். ‘ஆசிரியர்’ என்று ஒருவர், ‘உதவியாளர்’ என்று ஒரு பெண். பிரபலமான ஒரு தரகு நிறுவனத்தின் சின்னம் போட்ட செயலிக்கு லிங்க் அனுப்பினார்கள், பிளே ஸ்டோரிலிருந்து இல்லை, திறன்பேசியில் நேரே நிறுவும் ஏபிகே கோப்பு. அவர் 500 வெள்ளி போட்டார், ஒரு வாரத்தில் 640 என்று காட்டியது. 100 வெள்ளி எடுத்துப் பார்த்தார், வந்தது. அதுதான் நம்பவைத்தது. அப்புறம் 12,000 போட்டார். எடுக்கப் போனபோது ‘முதலில் 20 விழுக்காடு வரி கட்டுங்கள்’ என்றார்கள். அந்த வரியையும் கட்டக் கிளம்பியவரை அவருடைய மனைவிதான் திறன்பேசியைப் பிடுங்கி நிறுத்தினார். போன பணம் போனதுதான். இப்போதும் அவர் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருவதில்லை, முகம் பார்க்க வெட்கப்படுகிறார். வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லை.

அதனால் சொல்கிறேன். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பக்கத்தில் உரிமம் பெற்ற நிதி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, பெயரைத் தட்டிப் பாருங்கள். முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் என்று தனியாகவும் ஒன்று உண்டு. அந்த நிறுவனத்தின் சொந்த இணையப் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து பிளே ஸ்டோருக்கோ ஆப் ஸ்டோருக்கோ போங்கள். யாராவது அனுப்பிய லிங்கில் போகவே போகாதீர்கள். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் 1799-க்கு அழையுங்கள், மோசடி பற்றிக் கேட்பதற்கென்றே இருக்கும் எண் அது.

வாணி, உட்லண்ட்ஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் மூன்று பேருமாக உட்கார்ந்து இதை முழுவதும் படித்தோம்.

சுமதி அக்கா கேட்டதை மகளிடம் கேட்டேன். மூன்று செயலிகள் ஆப் ஸ்டோரில் தேடி இறக்கியது. நான்காவதுக்கு டிக்டாக்கில் ஒரு காணொளிக்குக் கீழே இருந்த லிங்கை அழுத்தியிருக்கிறாள். நாணய ஆணையத்தின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினோம், இல்லை. உடனே அழித்துவிட்டோம். நல்லவேளை, அதில் நான் பதிவு செய்யவில்லை. மகள் முகம் சுண்டிவிட்டது, அவளைத் திட்டவில்லை. இனி அந்தப் பட்டியலில் பார்ப்பது அவள் வேலை என்று சொல்லியிருக்கிறேன், உடனே சரி என்றாள்.

மீதி மூன்றையும் இப்போதைக்கு எடுத்துவிட்டேன். இன்று மதிய இடைவேளையில் சிடிபிக்கு விண்ணப்பித்தாயிற்று. 9,000-ல் 4,000-ஐச் சேமிப்புப் பத்திரத்தில் போடப்போகிறேன், மிச்சம் போஸ்பியிலேயே இருக்கட்டும். மாதம் 200 இன்வெஸ்ட் சேவரில். பாக்கி 100 மகளின் பாலிடெக்னிக் செலவுக்குத் தனியாக. வீட்டுக்காரர் 300-ஐயும் போடலாமே என்றார். முத்து அண்ணன் எழுதிய 2009 கணக்கைக் காட்டினேன், பேசாமல் இருந்துவிட்டார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. சேமிப்புப் பத்திரத்துக்கு இந்த மாதமே விண்ணப்பிக்கலாமா? வட்டி எங்கே வரும், சிடிபிக்கா வங்கிக்கா?

முத்து, செம்பவாங்

சிடிபி கணக்கு எண் கைக்கு வந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும் தங்கச்சி. ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாள் மாலை 6 மணிக்குத் திறப்பார்கள், மாதக் கடைசியிலிருந்து நான்காவது வேலை நாள் இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் எண் வரவில்லை என்றால் அடுத்த மாதம் போடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. போஸ்பி ஏடிஎம்மிலோ இணைய வங்கியிலோ போடலாம்.

வட்டி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, சிடிபியோடு நீங்கள் இணைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கே வரும். சிடிபி விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கு எண் கேட்ட இடத்தில் உங்கள் போஸ்பி எண்ணைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டு இரண்டு வாரம் அலைந்தேன்.

மகளிடம் ஒரு 555 நோட்டு வாங்கிக் கொடுங்கள். தெக்காவில் இப்போதும் கிடைக்கிறது.